பெனால்டியில் வெளியேறிய அணியைத் 'தோல்வி காணாத அணி' என்று சொல்லலாமா?

திருகோணமலையில் ஒரு கல்லூரியின் 20 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் விளையாடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வருடம் அவர்கள் 11 ஆட்டங்கள் ஆடினார்கள். ஏழு வெற்றி, நான்கு சமநிலை, தோல்வி இல்லை. அந்த நான்காவது சமநிலைதான் மாகாண மட்ட அரையிறுதி. 1–1 என்று முடிந்து, பெனால்டியில் 4–3 என்று எதிரணி இறுதிக்குப் போய்விட்டது. இப்போது பழைய மாணவர்களுக்குள் இழுபறி. 'தோல்வியே காணாத அணி' என்று பாடசாலை வாசலில் பதாகை கட்ட வேண்டும் என்று ஒரு பகுதி. 'கிண்ணமும் இல்லை, நாலு டிரோ, கடைசியில் வெளியே வந்தாச்சு, இதுக்கு என்ன பதாகை' என்று மற்றப் பகுதி. அப்படிச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறதா, அடுத்த வருடமும் இப்படி ஆட என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டது தான்தான் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

உரிமை இருக்கிறது, தம்பி. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

உதைபந்தாட்டச் சட்டங்களில் பத்தாவது சட்டம், ஆட்டத்தின் முடிவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதைச் சொல்வது. அதன்படி இரண்டு அணியும் மாறி மாறி அடிக்கும் பெனால்டி உதைகள் ஆட்டம் முடிந்த பிறகு நடப்பவை. மத்தியஸ்தர் கடைசி விசில் ஊதும்போது 1–1 என்றால் ஆட்டம் 1–1தான். யாராவது ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டுமே, அதற்காகத்தான் அந்த உதைகள். 1970க்கு முன்னர் இதற்கு மறு ஆட்டம் ஆடுவார்கள், இல்லையென்றால் நாணயம் சுண்டுவார்கள் அல்லது சீட்டுக் குலுக்குவார்கள். 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0–0. நாணயம் இத்தாலியின் பக்கம் விழுந்தது. அவர்கள் இறுதிக்குப் போய்க் கிண்ணத்தையும் எடுத்தார்கள். சோவியத் அணி அன்று தோற்றது என்று பதிவில் எழுதவில்லை. பெனால்டியில் திறமை உண்டு, நெஞ்சுரம் உண்டு, நாணயம் சுண்டுவதைவிட எவ்வளவோ நியாயமானது. ஆனாலும் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே இடம்தான்.

2006 உலகக் கிண்ணத்தில் சுவிட்சர்லாந்து நான்கு ஆட்டம் ஆடியது. பிரான்சோடு 0–0, டோகோவை 2–0, தென்கொரியாவை 2–0, இரண்டாம் சுற்றில் உக்ரைனோடு 120 நிமிடமும் 0–0. ஒரு கோல்கூட வாங்கவில்லை. பெனால்டியில் அடித்த மூன்றும் உள்ளே போகவில்லை, வீட்டுக்குப் போனார்கள். அந்த அணியைத் தோற்ற அணி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, மற்றப் பகுதி சொல்வதையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: தோற்காமல் இருப்பதும் வெல்வதும் ஒன்றல்ல. 2010 உலகக் கிண்ணத்தில் தோல்வியே இல்லாமல் நாடு திரும்பிய ஒரே அணி எது தெரியுமா? ஸ்பெயின் இல்லை. ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 1–0 என்று தோற்று, பிறகு ஆறு ஆட்டமும் வென்று கிண்ணத்தை எடுத்தது. தோற்காத அணி நியூசிலாந்து. மூன்று ஆட்டம், மூன்றும் சமநிலை, முதல் சுற்றோடு விமானம் ஏறினார்கள். ஆர்ஜென்டினாவும் ஸ்பெயினைப் போலத்தான். 36 ஆட்டங்கள் தோற்காமல் வந்து, 2022இல் சவூதி அரேபியாவிடம் 2–1 என்று விழுந்தது. விழுந்த பிறகுதான் கிண்ணம்.

இத்தாலியில் பெருஜா என்று ஒரு சின்ன ஊர்க் கழகம். 1978–79 பருவத்தில் அங்கே முதற்தர லீக்கில் 30 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. 11 வெற்றி, 19 சமநிலை. மூன்று ஆட்டம் தோற்ற மிலான் 44 புள்ளியோடு முதலிடம், தோற்காத பெருஜா 41 புள்ளியோடு இரண்டாமிடம். வெற்றிக்கு இரண்டு புள்ளி கொடுத்த காலத்திலேயே இந்த நிலை. இப்போதுபோல மூன்று புள்ளி என்றால் இடைவெளி ஒன்பதாக விரிந்திருக்கும். ஆகவே கிண்ணம் இல்லையே என்று உங்களைக் கேட்பவர்களிடம் கோபப்படாதீர்கள். அவர்கள் கேட்பது வேறு கேள்வி.

'நாலு டிரோ' என்று அதை ஒரு கறைபோலச் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்போல் என்று ஒன்று இருக்கிறது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம் அது. அங்கே 1996 முதல் சமநிலை என்பதே கிடையாது. முடிவு வரும்வரை மேலதிக நேரம் ஆடுவார்கள். அங்கே தோற்காத பருவம் என்றால் எல்லாமே வெற்றி என்றுதான் பொருள். அப்படி இருந்தும் 2004இல் ஓபர்ன் பல்கலைக்கழக அணி 13 ஆட்டமும் வென்று, தரவரிசையில் தனக்கு மேலே தோற்காத வேறு இரண்டு அணிகள் இருந்ததால் தேசிய இறுதி ஆட்டத்தில் நிற்கவே இடம் கிடைக்காமல் போனது. அந்த அளவுகோலை எங்கள் ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. எங்கள் ஆட்டத்தில் கோல் விழுவது அரிது. கோல் அரிதாக விழும் ஆட்டத்தில் சமநிலை என்பது ஆட்டத்தின் இயல்பு.

இங்கிலாந்தில் ஆர்சனல் 2003–04இல் 38 லீக் ஆட்டமும் தோற்காமல் முடித்ததை உலகமே பேசுகிறது. அதில் வெற்றி 26, சமநிலை 12. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று டிரோ. உங்கள் 11இல் 4 என்ற கணக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அதே பருவத்தில் ஆர்சனல் லீக்குக்கு வெளியே எஃப்ஏ கிண்ண அரையிறுதியிலும், லீக் கிண்ண அரையிறுதியிலும், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியிலும் தோற்று வெளியேறியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த 12 சமநிலையில் ஒன்று செப்டெம்பர் மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. 0–0, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு ஒரு பெனால்டி. வான் நிஸ்டெல்ரோய் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் கீழே போயிருந்தால் அந்தப் பருவத்துக்கு இன்று ஒரு பெயரே இருந்திராது.

ஜெர்மனியில் லெவர்குசன் 2023–24இல் 34 லீக் ஆட்டமும் தோற்கவில்லை. 28 வெற்றி, 6 சமநிலை. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் தொடர்ந்து 51 ஆட்டம் தோற்காமல் வந்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களைப் பாருங்கள். டோர்ட்முண்டில் 97ஆம் நிமிடத்தில் சமன் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டுட்கார்ட்டோடு 96ஆம் நிமிடத்தில். ரோமாவோடு மறுபடியும் 97ஆம் நிமிடத்தில். மூன்றும் தோற்றிருக்க வேண்டிய ஆட்டங்கள். நன்றாக ஆடிய நாளில் எல்லோரும் வெல்வார்கள். கால் வராத, மூச்சு வாங்குகிற, எதிரணி மேலே ஏறி நிற்கிற நாளில் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஒரு தோல்வியில்லாத பருவம் உண்டாகிறது. அந்த நாள்களின் பெயர்தான் டிரோ.

இதை நான் கண்ணால் கண்டது எங்கள் ஏகாம்பரம் மைதானத்தில். பல வருடங்களுக்கு முந்தைய கதை. ஜூலை மாதம், கச்சான் உச்சத்தில் இருந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வைகாசிக்குப் பிறகு மேற்குப் பக்கமிருந்து வன்னிக் காட்டின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு கடலை நோக்கி வீசுகிற உலர்ந்த காற்று அது. பின்னேரம் மூன்று மணிக்குத் தொண்டை ஒட்டும், மண் கண்ணில் அடிக்கும். நான் பயிற்சிக்கு உதவிக்கொண்டிருந்த பெடியன்கள் முதல் பாதியில் காற்றோடு ஆடி ஒரு கோல் அடித்தார்கள். இரண்டாம் பாதி காற்றுக்கு எதிராக. 60ஆம் நிமிடம் அளவில் சமன் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பாதியை விட்டுப் பந்து வெளியே போகவேயில்லை.

கீப்பர் பந்தைக் கோல் எல்லைக் கோட்டில் வைக்கிறான், காற்று அதை மெதுவாக உருட்டுகிறது. திரும்ப வைக்கிறான், திரும்ப உருளுகிறது. சப்பாத்தின் குதியால் மண்ணில் ஒரு சின்னக் குழி கிண்டி அதில் பந்தை இருத்தி, பின்னால் போய் ஓடிவந்து உயர அடித்தான். பந்து மேலே போனது, நடுக்கோட்டுக்கு முன்னமே ஆகாயத்தில் நின்றது போல இருந்தது, அப்படியே பின்னுக்கு வந்து எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. எதிரணி முன்கள வீரன் ஓடி வராமலே அவனுக்குப் பந்து கிடைத்தது. இரண்டு முறை இப்படி. இரண்டாவது முறை கம்பத்தை உரசிக்கொண்டு போனது.

அப்போது வலது பக்கம் பெக், அதாவது பின்கள வீரனாக, நின்ற பெடியன், அணியிலேயே ஆகச் சின்னவன், கீப்பரிடம் கையை நீட்டி 'மச்சான், கீழால தா, கீழால தா' என்று கத்தினான். பந்தை நிலத்தோடு வாங்கினான், ஓரக்கோட்டுப் பக்கம் பத்து யார் ஓட்டினான், ஆள் நெருங்கியதும் எதிரணிக்காரனின் காலில் படும்படி அடித்து வெளியே தள்ளினான். எங்களுக்கு த்ரோ. அந்த த்ரோவை எடுத்து அதே மாதிரி இன்னும் பத்து யார். மறுபடி த்ரோ. பார்க்க ஒன்றுமில்லாத ஆட்டம் அது. கரையில் நின்ற சனம் சத்தம் போட்டது. ஆனால் கடைசிக் கால் மணி நேரத்தை அந்தப் பிள்ளை இப்படித் தவணை தவணையாகக் கடத்தினான். 1–1. ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேர் நிலத்தில் விழுந்து கிடந்தார்கள், அவன் மட்டும் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கழற்றிக்கொண்டிருந்தான். இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் திருக்கடலூர்க் கடற்கரையில் ஆடும்போது உயர அடித்த பந்தெல்லாம் கடலுக்குள் போய்விடும், நீந்திப் போய் எடுக்க வேண்டும், அதனால் கீழால ஆடப் பழகிவிட்டோம் என்றான்.

உங்கள் நான்கு சமநிலையிலும் இப்படி ஒருவன் இருந்திருப்பான். யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்காது.

இது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்காமல் வர உங்களுக்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல பலமான அணி. அந்த அணி 11 ஆட்டமும் தோற்காமல் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 9கூட இல்லை. 80ஐ 90 ஆக்கினால் 31 ஆகிறது. அப்போதும் மூன்று வருடத்தில் ஒரு வருடம்கூடக் கிடைக்காது. 90 வாய்ப்புள்ள அணியை ஆர்சனலைப் போல 38 ஆட்டம் ஆடச் சொன்னால் நூற்றுக்கு 2க்கும் கீழே போய்விடும். நீங்கள் செய்தது இதுதான் என்று பழைய மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த வருடத்துக்கு வருவோம். இங்கேதான் பாடசாலை அணிக்கும் கழக அணிக்கும் பெரிய வித்தியாசம். கழகம் வீரர்களை வைத்துக்கொள்ளும், பாடசாலையால் முடியாது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும், வயது எல்லை தாண்டியதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். 'தோற்காத அணி' என்ற பெயர் மட்டும் உடுப்போடு தங்கிவிடும். அந்தப் பெயரைப் புதிதாக வரும் பதினாறு வயதுப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றாதீர்கள். எதிரணி எல்லாம் உங்களை விழுத்துவதற்கென்றே வரும். ஆர்சனலின் ஓட்டம் 49 ஆட்டத்தோடு நின்றது, 2004 அக்டோபரில், அதே ஓல்ட் டிராஃபோர்டில், 2–0. லெவர்குசனின் 51ஐ அட்லாண்டா ஐரோப்பா லீக் இறுதியில் 3–0 என்று நிறுத்தியது. மூன்று நாள் கழித்து லெவர்குசன் ஜெர்மன் கிண்ண இறுதிக்கு இறங்கி, பத்துப் பேரோடு ஆடி 1–0 என்று வென்றது. எனக்கு அந்த 51ஐவிட இந்த மூன்று நாள்தான் பெரிது.

பயிற்சியில் நான் வலியுறுத்துவது கடைசி இருபது நிமிடத்தைத்தான். பெரும்பாலான பாடசாலைகளில் பிறாக்டிஸ் தொடக்கத்தில் எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது ஆட்டம் பழகுவார்கள், களைத்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைத் திருப்புங்கள். முதலில் ஓட விடுங்கள், கால் கனத்த பிறகு ஆட்டம். 'ஒரு கோல் முன்னால் இருக்கிறீர்கள், பத்து நிமிடம் இருக்கிறது, நீங்கள் பத்துப் பேர்' என்று சொல்லி ஆட விடுங்கள். அடுத்த நாள் 'ஒரு கோல் பின்னால்' என்று மாற்றுங்கள். மாற்று வீரர்களையும் அந்தப் பத்து நிமிடத்துக்கென்றே பழக்குங்கள். எங்கள் வெயிலில் தொடங்கிய பதினொருவர் கடைசிவரை ஒரே தரத்தில் ஓட முடியாது. போட்டி விதிகள் இடம் கொடுத்தால் தண்ணீருக்கு ஒரு நிமிடம் வரையும், உடலைக் குளிர்விக்க 90 வினாடியிலிருந்து 3 நிமிடம் வரையும் இடைவேளை எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மத்தியஸ்தரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடைவேளையில் ஒருவர் மட்டும் பேசட்டும், ஒரு விடயம் மட்டும் பேசட்டும்.

கீப்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூலையிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது. பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்ணர். முன்னைப்போல் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்து நேரம் கடத்த முடியாது. அந்தச் சின்னப் பெடியன் செய்ததுபோல நிலத்தோடு பந்தைக் கடத்தத் தெரிந்த இரண்டு பெக் இருந்தால் கீப்பருக்கு அந்தக் கவலையே இல்லை.

பெனால்டியையும் அப்படியே பழகுங்கள். பிறாக்டிஸ் முடிந்து எல்லோரும் களைத்து நிற்கும்போது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்துபோய் ஒரே ஒரு உதை, ஒரு நாளைக்கு ஒன்றுதான். அந்த நடையில் மனம் என்னவெல்லாம் சொல்லும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அதைத் தெரிந்த ஒருவர் தம்பிமாருக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. நீங்களே நில்லுங்கள்.

நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியைப் பற்றி. 1994 உலகக் கிண்ணத்தில் இத்தாலியை இறுதிவரை தூக்கிக்கொண்டு வந்தவர் ரொபேர்ட்டோ பாஜியோ. நைஜீரியாவோடு இரண்டு, ஸ்பெயினோடு ஒன்று, பல்கேரியாவோடு இரண்டு, ஐந்து கோல். பசடேனாவில் இறுதி ஆட்டம் 120 நிமிடமும் 0–0. கடைசி உதையை அவர் மேல் கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டார். அவருக்கு முன் பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தார்கள், ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது அவர் தலை குனிந்து நின்றது. அந்த இறுதியின் முடிவு பதிவில் இன்றைக்கும் 0–0 என்றுதான் இருக்கிறது. அவர் அடித்த ஐந்தும் அப்படியே இருக்கின்றன. அரையிறுதியில் அந்த உதையை எடுக்க முன்வந்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவர். உங்கள் அணியில் எத்தனை பேர் அந்த நேரம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பதாகையைக் கட்டச் சொல்லுங்கள். 'தோல்வி காணாத அணி' என்று போட்டு, கீழே 11 ஆட்டம், 7 வெற்றி, 4 சமநிலை என்று எண்களையும் போடுங்கள். எதையும் ஒளிக்க வேண்டாம். குழுவில் இருந்த எல்லோருடைய பெயரும் இருக்கட்டும், ஒரு நிமிடமும் இறங்காமல் கரையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றவர்கள் உட்பட. ஆட்டங்களின் முடிவுகளையும் வரிசையாக எழுதுவதாக இருந்தால், அரையிறுதிக்கு நேரே 1–1 என்று எழுதுங்கள்.